ஜெர்மன் போர் விமான பார்ட் கைக்கு வந்தா எப்படி பார்க்கணும்

ரெண்டாம் உலகப்போர்ல பறந்த ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் விமானத்தோட பார்ட்னு ஒரு அலுமினியத் துண்ட யாராவது நீட்டினா, உடனே தேய்ச்சு பளபளன்னு ஆக்கிடாதீங்க, அந்த அழுக்குக்கு அடியில இருக்கிற பெயிண்ட்டும் முத்திரையும்தான் உங்களுக்கு சாட்சி, அது போச்சுன்னா வெறும் பழைய தகரம்தான். உள்பக்கம் பச்சை கலந்த சாம்பல் நிறம் தெரிஞ்சா அது அனேகமா ஆர்எல்எம் 02 (ஜெர்மன் விமான அமைச்சகத்தோட கலர் நம்பர்), ஜெர்மன்காரங்க உள்பாகத்துக்கு நிறைய அடிச்ச கலர். டார்ச்ச சாய்ச்சுப் பிடிச்சு நம்பர் தேடுங்க, 8-109னு ஆரம்பிச்சா பிஎஃப் 109ங்கிற மெஸ்ஸர்ஷ்மிட் போர் விமானம், 8-190னா ஃபோக்கவுல்ஃப் கம்பெனியோட போர் விமானம். காக்பிட் மீட்டரா இருந்தா கண்ணாடிய கழட்டவே கழட்டாதீங்க, முள்ளுல மினுங்குறது பெரும்பாலும் ரேடியம் பெயிண்ட், தூசி மூச்சுல போனா ஆபத்து.

இங்கிலாந்துல விமானம் விழுந்த இடத்த நீங்களா தோண்டக்கூடாது, 1986 சட்டப்படி லைசென்ஸ் வேணும், அங்க செத்தவங்க உடம்பு இன்னும் கிடக்கலாம். கடல்ல கிடந்த பார்ட்னா உப்புதான் எமன். 2013ல இங்கிலாந்து கடல்ல இருக்கிற குட்வின் மணல்திட்டுல இருந்து தூக்கின டோர்னியர் 17ங்கிற ஜெர்மன் குண்டுவீச்சு விமானத்த அங்க காஸ்ஃபோர்டுல இருக்கிற விமானப்படை மியூசியத்துல கூடாரம் மாதிரி கட்டி, சிட்ரிக் ஆசிட் கலந்த தண்ணிய விடாம தெளிச்சு உப்ப எடுத்தாங்க, அதனால வீட்டுல காயவச்சு பாக்காம முதல்ல ஒரு மியூசியத்துல கேளுங்க. எங்க கிடைச்சது, யார் கொடுத்தாங்கன்னு அன்னைக்கே எழுதி பார்ட்டோடயே வைங்க.