சுண்ணாம்புத் தொட்டியும் இசைவாணைக் கோப்பும்

அக்காள் மகள் அடுத்த வாரம் ராஜஸ்தானுக்கு ரயில் ஏறுகிறாள். ஈயமும் துத்தநாகமும் எடுக்கும் சுரங்கம். வெள்ளி அந்தத் தாதோடு ஒட்டிக்கொண்டு வருவது. நம் நாட்டு வெள்ளியில் பெரும்பங்கு இப்படித்தான் கிடைக்கிறது. அவளுக்குக் கழிவுநீர்ப் பொறுப்பு. அதே வேலையை இருபத்திரண்டு ஆண்டுகள் பார்த்துவிட்டு, கோத்தகிரியில் ஒன்றரை ஏக்கர் தேயிலையோடு உட்கார்ந்திருக்கும் மாமா நான். "நோட்டில் எழுதிக் கொடுங்கள் மாமா" என்றாள். எழுதினேன்.

போன முதல் நாளே குழாய்களைத் தொடர்ந்து நட. சுரங்கத்திலிருந்து ஏறும் நீர் ஒன்று. தாதைப் பிரிக்கும் ஆலையிலிருந்து வரும் நீர் இன்னொன்று. முதலாவதில் அமிலம் இருக்கலாம். இரண்டாவதில் சயனைடு என்ற கொடிய நச்சு இருக்கலாம். இவை இரண்டும் எங்கேயும் கலக்கக்கூடாது. கலந்தால் கிளம்புவது ஆளைக் கொல்லும் வாயு. மழைநீருக்குத் தனி வழி வேண்டும். தோட்டத்துச் சரிவில் கான் வெட்டி மேட்டுத் தண்ணீரைத் திருப்பி விடுகிறோமே, அதே வேலைதான். அங்கே மழை நாட்கள் குறைவு, பெய்தால் கொட்டும். ஜூன் மாதத்துக்குள் கான்களைத் தூர்வாரி முடி.

இனி சுண்ணாம்பு. கந்தகம் கலந்த பாறையில் காற்றும் நீரும் பட்டால் அமிலம் பிறக்கும், உலோகம் கரையும். சுற்றுப்பாறை சுண்ணாம்பு வகையாக இருந்தால் அமிலம் அடங்கிவிடும். ஆனாலும் துத்தநாகம் கரைந்தபடியே வரும், தண்ணீர் பளிங்குபோல இருக்கும். அந்தத் தெளிவை நம்பாதே. காற்றூதி, சுண்ணாம்புப் பால் சேர்த்து, பி.எச். அளவை (அமிலமா காரமா என்று காட்டும் எண், 7 நடுநிலை, அதற்கு மேலே காரம்) 9-க்கும் 10-க்கும் நடுவில் நிறுத்தினால் துத்தநாகம் திரிந்த பால்போலத் திரளும். இரும்பும் இருந்தால் திரள் பழுப்பாகும். துகள்களை ஒட்டவைக்கும் பாலிமர் கொஞ்சம் சேர்த்தால் கனத்துக் கீழே இறங்கும். எவ்வளவு சேர்ப்பது என்பதை ஆறு குவளை வைத்துச் செய்யும் ஜார் சோதனைதான் சொல்லும். நேற்றைய அளவு இன்றைக்குப் பொருந்தாது.

இருக்கட்டுமே என்று கூடுதலாக ஊற்றுவதுதான் பலரும் செய்யும் தவறு. 11-ஐத் தாண்டினால் படிந்த துத்தநாகம் மறுபடி கரையத் தொடங்கும். மண்ணின் புளிப்பைக் குறைக்கப் போடும் டோலமைட் தூள் அதிகமானால் தேயிலை கோபித்துக்கொள்ளும் என்று உன் அப்பா சொல்வாரே, அந்தக் கதைதான். தெளிந்த நீரை வெளியே விடுவதானால் பி.எச். அளவை மீண்டும் 9-க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பதையும் மறக்காதே.

மாதிரி எடுப்பதில்தான் நான் வாழ்நாளுக்கும் பாடம் கற்றேன். உலோகச் சோதனைக்கான புட்டியில் நைட்ரிக் அமிலம் சேர்த்துப் பாதுகாக்க வேண்டும். சேர்ந்த இரண்டாம் வாரம், வரிசையாக இருந்த எல்லாப் புட்டியிலும் அமிலத்தை விட்டுக்கொண்டே போனேன். ஐந்தாவது சயனைடு மாதிரி. மூத்தவர் மணிக்கட்டை இறுகப் பிடித்தார், துளி விழவில்லை. அந்தப் புட்டிக்குச் சோடியம் ஹைட்ராக்சைடு, பி.எச். 12-க்கு மேல், குளிர்ச்சி, இருட்டு. அன்றிலிருந்து சயனைடு புட்டிக்குச் சிவப்பு நூல் கட்டுவேன். நீயும் கட்டு.

காகிதத்துக்கு வருவோம். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் அனுமதி, 1974 நீர்ச் சட்டத்தின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நிபந்தனைகளோடு தரும் ஒப்புதலான இசைவாணை, 1981 காற்றுச் சட்டத்தின்படி இன்னொன்று. மூன்றையும் காபியோடு உட்கார்ந்து வரிவரியாகப் படி. ஒவ்வொரு நிபந்தனைக்கும் எதிரே யார், எப்போது, எந்தச் சான்று என்று எழுது. அனுமதி நிபந்தனை அறிக்கைக்கு ஜூன் 1, டிசம்பர் 1. கழிவு எண்ணெய் முதலான அபாயக் கழிவுக்கு ஜூன் 30. ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிக்கைக்குச் செப்டம்பர் 30. உள்நாட்டு நீர்நிலையில் விடுவதற்கான பொது வரம்பு லிட்டருக்குத் துத்தநாகம் 5 மில்லிகிராம், ஈயம் 0.1, சயனைடு 0.2. உன் இசைவாணை இதைவிடக் கடுமையாக இருந்தால் அதுதான் சட்டம். பல சுரங்கங்களுக்கு ஒரு சொட்டும் வெளியே போகக்கூடாது. எல்லாம் ஆலைக்கே திரும்ப வேண்டும்.

சுரங்கம் ஓய்ந்தபின் நிலத்தை என்ன செய்வது என்று சொல்லும் மூடல் திட்டத்தையும் கேட்டு வாங்கிப் படி. கூடலூர்ப் பக்கம் தேவாலாவில் 1880-களில் தங்கத்துக்குத் தோண்டிய காலத்தில் இப்படியொரு காகிதம் கிடையாது.

பதிவேட்டில் தவறிய எண்ணை வெள்ளை பூசி மறைக்காதே. ஒரு கோடு, பக்கத்தில் கையெழுத்து, அவ்வளவுதான். வரம்பு மீறினால் மேலதிகாரி முகம் சுளித்தாலும் வாரியத்துக்கு எழுத்தில் தெரிவிக்கச் சொல்.

என்றைக்காவது இரவு ஷிஃப்டில் பி.எச். மீட்டர் திடீரென்று 8.1 காட்டும். சுண்ணாம்புப் பால் வால்வைத் திறக்கக் கை போகும். திறக்காதே. நீருக்குள் இருக்கும் மீட்டரின் மின்முனையை வெளியே எடு. சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்திருக்கும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நிமிடம் வை, நல்ல நீரில் அலசு, பி.எச். 7, 10 என்று அளவு தெரிந்த கரைசல்களில் சரிபார்த்து, மறுபடி அளவெடு. இரண்டு அளவையும் நேரம் போட்டு எழுது.