மவுஸ் இல்லாத கைக்கு வியூக விளையாட்டு: எதைக் குறைக்கக் கூடாது

2000-இல் ‘ஸ்டார்கிராஃப்ட்’ என்ற கணினி வியூக விளையாட்டு, தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் நின்டெண்டோ 64 கன்சோலுக்கு வந்தது. கணினியில் இணையம் வழியாக மோதியவர்கள் இங்கே ஒரே தொலைக்காட்சியின் முன் தோளோடு தோள் உரசி உட்கார்ந்தார்கள். திரை இரண்டாகப் பிரிந்தது. எதிரி எங்கே பாசறை போடுகிறான் என்று ஒற்றனை அனுப்பித் தெரிந்துகொள்ள வேண்டிய விளையாட்டு அது. இங்கே கண்ணைச் சற்றே சாய்த்தால் போதும். படைகளும் கட்டடங்களும் வந்துசேர்ந்தன. இருட்டில் துழாவும் பயம் வரவில்லை.

பல கருவிகளுக்கு ஒரே விளையாட்டைச் செய்பவர்கள் எதையாவது விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். ஆட்டக்காரரின் கைவேலையைக் குறைக்கலாம், அவர் எடுக்கும் முடிவுகளைக் குறைக்கக் கூடாது என்பது என் கட்சி.

அடிக்கடி நடக்கும் தவறு, கன்சோலின் கைப்பிடிக் கருவியான கன்ட்ரோலரில் இருக்கும் குச்சியை மவுஸ் போல நடிக்க வைப்பது. மவுஸை ஒரு சுண்டு சுண்டினால் கர்சர் திரையின் மறுமூலைக்குப் போய்விடும். குச்சியோ கர்சரைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். மெதுவாக வைத்தால் ஆமை, வேகமாக வைத்தால் இலக்கைத் தாண்டிவிடும். 2009-இல் வந்த ‘ஹேலோ வார்ஸ்’ இந்த வம்பையே தவிர்த்தது. ஒரு பொத்தான் திரையில் தெரியும் படை முழுவதையும் தேர்ந்தெடுக்கும். மெனு வட்டமாக விரியும். கட்டடங்கள் முகாமைச் சுற்றிக் குறித்த இடங்களில் மட்டுமே எழும். நினைத்த இடத்தில் சுவர் வைக்க முடியவில்லையே என்று பழைய ஆட்டக்காரர்கள் புலம்பினார்கள். நியாயமான புலம்பல்தான். ஆனால் எந்தப் படையை எப்போது எங்கே அனுப்புவது என்ற கேள்வி அப்படியே இருந்தது.

வேலையோடு முடிவையும் சேர்த்து வெட்டுவதுதான் ஆபத்து. 2007-இல் வந்த ‘சுப்ரீம் கமாண்டர்’ விளையாட்டில் கையிருப்பு போதாமலே கட்டடத்தைத் தொடங்கிவிடலாம். வரத்து குறைந்தால் எல்லா வேலைகளும் மந்தமாகும். எவ்வளவு துணிந்து கடன்படுவது என்பதே அதன் ருசி. எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோலுக்கும் சேர்த்து 2010-இல் வந்த இரண்டாம் பாகம், முழு விலையும் கையில் இருந்தால்தான் வேலையைத் தொடங்கவிட்டது. பழியெல்லாம் கன்சோலின் தலையில் விழுந்தது; எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு, எளிமைப்படுத்தும் ஆசை கணினிக்காரர்களுக்கும் வரக்கூடியதே. மாறாக, 2023-இல் எக்ஸ்பாக்ஸுக்கு வந்த ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ பதிப்பைப் பாருங்கள். எதற்கு முன்னுரிமை என்று சொல்லிவிட்டால் கிராமவாசிகள் தாங்களே வயலுக்கும் காட்டுக்கும் போவார்கள். வேண்டாம் என்றால் அந்த வசதியை அணைத்துவிடலாம். மரமா, தங்கமா என்ற முடிவு ஆட்டக்காரருடையது. ஒவ்வொருவனையும் கைபிடித்து அழைத்துப் போகும் வேலைதான் போயிற்று.

எழுத்தளவு சின்ன விஷயம் போலத் தோன்றும். மேசைக் கணினி இரண்டடித் தொலைவில் இருக்கிறது, தொலைக்காட்சி எட்டடித் தொலைவில். ஒரே திரை வடிவமைப்பு இரண்டுக்கும் பொருந்தாது. பெரிதாக்கினால் கணினியில் வெறுமை. சுருக்கினால் சோபாவில் இருப்பவர் கண்ணைச் சுருக்க வேண்டும். 2025 பிப்ரவரியில் கணினிக்கும் கன்சோல்களுக்கும் ஒருசேர வந்த ‘சிவிலைசேஷன் 7’ முதல் நாளே வாங்கிக்கட்டிக்கொண்டது முக்கியமாக இதில்தான்: வேண்டிய தகவல் திரையில் இல்லை என்று கணினி ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள்.

கடைசியாகக் கண்ணுக்குத் தெரியாத ஒன்று. வலுக்குறைந்த கருவிக்குப் படத்தின் தரத்தைக் குறைத்தால் போதும் என்று நினைப்பது துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளிலிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். முறை வைத்து ஆடாமல் எல்லோரும் ஒரே நேரத்தில் ஆடும் நிகழ்நேர வியூக விளையாட்டுகள் பலவற்றில் இணையத்தில் செல்வது கட்டளைகள் மட்டுமே. போரை ஒவ்வொரு கருவியும் தனித்தனியே கணக்கிட்டு ஒரே விடையை எட்ட வேண்டும். கணக்கை ஒரு கருவியில் மட்டும் குறைக்க வழியில்லை. மெதுவான கருவி எல்லோரையும் காக்க வைக்கும். தசமக் கணக்கில் இரண்டு கருவிகளின் ப்ராசஸர் சில்லுகள் கடைசி இலக்கத்தில் வேறுபட்டால் இன்னும் மோசம்: பத்தாவது நிமிடத்தில் ஒரு வில்லாளி உங்கள் திரையில் செத்திருப்பான், எதிராளியின் திரையில் அம்பு விட்டுக்கொண்டிருப்பான், ஆட்டம் அறுந்துபோகும். வெவ்வேறு கருவிகளை ஒன்றோடொன்று இரவு முழுக்க மோதவிட்டு இரு பக்கக் கணக்கையும் ஒப்பிடும் சோதனையை முதல் மாதமே தொடங்க வேண்டும். வெளியீட்டுக்கு முந்தைய வாரம் இந்தப் பிழையைக் கண்டுபிடித்தால் திருத்த நேரமிருக்காது. கருவிகளுக்கிடையே ஆடும் வசதியை நீக்குவது மட்டுமே மிஞ்சும்.