பெல்ட்டை மாற்றும் முன் கிளட்ச்சைத் திறந்து பாருங்கள்

ஒரே பருவத்தில் மூன்றாவது பெல்ட். வண்டியைக் கொண்டுவந்த தம்பி, அறுந்த பெல்ட்டை என் மேசைமேல் வைத்துவிட்டு, "அண்ணே, இந்தத் தடவையாவது நல்ல பெல்ட்டாப் பார்த்துப் போட்டுக் குடுங்க" என்றான். புதுசு மாட்ட அரைமணி நேரம் போதும். ஆனால் எனக்கு மனசு வரவில்லை. அவனையே பக்கத்தில் உட்காரவைத்து இரண்டு கிளட்ச்சையும் கழற்றினேன். அன்றைக்குச் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். யூடிவி, சைடு பை சைடு என்று சொல்கிற, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டும் நாலு சக்கர வண்டியை வைத்துக் காடுமேட்டில் வேலை பார்க்கிற யாருக்கும் இது உதவும்.

கியர் இல்லாத ஸ்கூட்டரின் இடதுபக்கக் கவரைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு, பெல்ட்டும் இரண்டு கிளட்ச்சும் சேர்ந்து வேகத்தை மாற்றும் இந்த அமைப்பு பழக்கப்பட்டதுதான். காரிலேயே 1958-ல் டாஃப் கம்பெனி இதைப் போட்டுவிட்டது. எஞ்சின் சுற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டில் ஒரு புல்லி (எதிரெதிராக இரண்டு கூம்புத் தட்டு சேர்ந்த சக்கரம்), அது பிரைமரி கிளட்ச். கியர்பாக்ஸ் பக்கம் இன்னொன்று, அது செகண்டரி. நடுவில் ஒரு வி பெல்ட். எஞ்சின் வேகம் ஏற ஏற, பிரைமரிக்குள் இருக்கும் வெயிட்டுகள் வெளிப்பக்கம் விசிறி, நகரும் தட்டைத் தள்ளிப் பெல்ட்டை நெருக்கும். செகண்டரியில் ஒரு ஸ்பிரிங்கும், ஹீலிக்ஸ் என்கிற சாய்வு வெட்டும் சேர்ந்து, சக்கரத்தில் சுமை ஏறும்போது பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும்.

இதில் மனதில் வைக்கவேண்டியது ஒன்று. கிளட்ச் என்று பெயர் இருந்தாலும் பல மாடல்களில் உள்ளே தனியாகக் கிளட்ச் பிளேட் எதுவும் கிடையாது. பிடிக்கிற வேலை, விடுகிற வேலை இரண்டையும் பெல்ட்டின் பக்கவாட்டு ரப்பரே செய்கிறது. அதனால் கிளட்ச்சில் எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் அடிவாங்குவது பெல்ட். அதை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டினால், அடித்த கை அங்கேயே இருக்கும்.

அறுந்த பெல்ட்டைத் தூக்கி எறியாதீர்கள். வெளிச்சத்தில் வைத்து விரலால் தடவிப் பாருங்கள். ஒரே இடத்தில் மட்டும் இடுப்புபோலக் குறுகிக் கருகியிருந்தால், சக்கரம் நகராமல் நின்றபோது ஆக்சிலரேட்டரை மிதித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பெல்ட் நிற்க, பிரைமரி மட்டும் சுற்றி அந்த இடத்தைத் தின்றிருக்கும். அதற்குப் பிறகு வண்டி கிளம்பும்போதெல்லாம் தட்தட்டென்று உதறும். சுற்றளவு முழுக்கப் பக்கவாட்டு கண்ணாடிபோலப் பளபளத்தால் வழுக்கல்: எண்ணெய், தண்ணீர், தளர்ந்த ஸ்பிரிங், தாங்காத சுமை, இவற்றில் ஏதோ ஒன்று. ஒரு ஓரத்தில் மட்டும் நூல் பிரிந்திருந்தால் இரண்டு புல்லியும் ஒரே நேர்கோட்டில் இல்லை. பல் பல்லாகப் பெயர்ந்திருந்தால், ரப்பர் சூட்டில் வெந்து இறுகியிருக்கும், அல்லது சக்கரம் அந்தரத்தில் சுற்றிக்கொண்டே தரையில் இறங்கிய அதிர்ச்சியாக இருக்கும்.

தம்பி கொண்டுவந்த பெல்ட்டில் இரண்டு குறி இருந்தது. ஓரத்தில் நூல், பக்கவாட்டில் பளபளப்பு. ஒரு வண்டியில் இரண்டு குறி சேர்ந்து தெரிந்தால் நான் வேகத்தைக் குறைத்துக்கொள்வேன். ஒரு கோளாறைக் கண்டுபிடித்ததும் தேடலை நிறுத்திவிடுகிற ஆபத்து அங்கேதான் அதிகம்.

திறக்கும் முறைக்கு வருகிறேன். வண்டி நன்றாக ஆறட்டும். நியூட்ரலில் போட்டுச் சாவியை எடுத்துவிடுங்கள். கவரின் ஸ்குரூக்கள் எல்லாம் ஒரே நீளமாக இருக்காது. ஓர் அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, எடுத்த இடத்திலேயே குத்திவையுங்கள். கவரின் உள்பக்கத்தைத் துடைக்கும் முன் பாருங்கள். உலர்ந்த கருப்புத் தூள் கொஞ்சம் இருப்பது சாதாரணம். அது குழம்பாக, மசியாக இருந்தால் தண்ணீரோ எண்ணெயோ உள்ளே வந்திருக்கிறது. முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். கம்ப்ரஸர் காற்றை அடித்துத் தூளைக் கிளப்பாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

பெல்ட் அறுபடாமல் முழுசாக இருந்தால், கழற்றும் முன் இரண்டு புல்லிக்கும் நடுவே அதை அழுத்தி எவ்வளவு தணிகிறது என்று அளந்து, கையேட்டில் சொன்ன அளவோடு ஒப்பிடுங்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலிலேயே வண்டி ஊர்ந்தாலோ, கியர் மாற்றும்போது கடகடவென்று கடித்தாலோ, பெல்ட் மிதமிஞ்சி இறுகியிருக்கலாம், அல்லது பிரைமரி முழுசாகத் திறக்காமல் சிக்கியிருக்கலாம். தொளதொளவென்று இருந்தால் கிளம்பும்போது ஓர் இழுப்பு இழுக்கும். பெல்ட்டை வெளியே எடுக்க, வண்டியோடு வரும் கருவியால் செகண்டரி தட்டை விரித்துக்கொள்ளுங்கள். ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பினால் அலுமினியத் தட்டில் கீறல் விழும். ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் கீறல் புதுப் பெல்ட்டை அரத்தால் தேய்ப்பதுபோலத் தேய்க்கும்.

பிரைமரி, கிராங்க் ஷாஃப்ட்டின் கூம்பு முனையில் இறுகி உட்கார்ந்திருக்கும். அந்த மாடலுக்கென்றே உள்ள புல்லர் போல்ட் இல்லாமல் தொடாதீர்கள். சுத்தியலால் தட்டிக் கழற்றப்போய்த் தட்டு விரிசல் விட்டு வந்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். புல்லரை இறுக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் ‘டப்’ என்று விடும்.

அன்றைக்கு அந்த ‘டப்’புக்குப் பிறகு நான் கண்டதுதான் இதை எழுத வைத்தது. பிரைமரியை வெளியே இழுத்தேன். அதன் முதுகுக்கும் எஞ்சினுக்கும் நடுவே, கிராங்க் ஷாஃப்ட்டைச் சுற்றி, கருப்பாக ஒரு வளையம். முதலில் அதை, எண்ணெய் வெளியே கசியாமல் தடுக்கும் ஆயில் சீலின் ரப்பர் என்றே நினைத்தேன். ஊசிமூக்குக் கொறடால் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் நூல் வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது. மாதக்கணக்கில் முறுக்கி, சூட்டில் இறுகி, கம்பிபோல ஆகியிருந்த பெல்ட் நூல். கடைசிச் சுற்று வெளியே வந்தபோது அதன் அடியில் ஆயில் சீலின் உதடு கிழிந்திருந்தது. அங்கிருந்து எண்ணெய் சொட்டு சொட்டாகக்கூட இல்லை, ஒரு மெல்லிய ஈரமாகக் கசிந்து, சுற்றும் வேகத்தில் தட்டின்மேல் தெறித்திருக்கிறது. தம்பி அந்த நூலைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தான். "இது மொதப் பெல்ட்டு நூலாண்ணே?" என்றான். ஆமாம். முதல் பெல்ட் அறுந்தபோது யாரோ கவரைத் திறந்து, கண்ணுக்குத் தெரிந்த துண்டுகளை எடுத்துவிட்டுப் புதுசை மாட்டியிருக்கிறார்கள். பின்னால் போன நூலை யாரும் தேடவில்லை. முதல் பெல்ட்டின் மிச்சம்தான் அடுத்த இரண்டையும் வழுக்க வைத்தது.

ஆகவே, பெல்ட் அறுந்த வண்டியில் பிரைமரிக்குப் பின்னாலும் செகண்டரிக்குப் பின்னாலும் டார்ச் அடித்துப் பாருங்கள். கிடைத்த துண்டுகளைத் தரையில் அடுக்கிப் பெல்ட் முழுசாக வருகிறதா என்று பாருங்கள். துண்டு குறைந்தால் காற்றுக் குழாய்க்குள்ளும் விரலை விட்டுத் தேடுங்கள்.

கழற்றிய பிரைமரியைப் பிரிக்கும் முன், மேல்மூடி, நடுப்பகுதி, நகரும் தட்டு மூன்றின்மீதும் ஒரே கோட்டில் மார்க்கர் பேனாவால் குறி போடுங்கள். அவை சேர்ந்தே சமன் செய்யப்பட்டவை. இடம் மாறினால் அதிர்வு வரும். உள்ளே ஸ்பிரிங் அழுந்தி நிற்கிறது, ஆகவே மூடியின் போல்ட்டுகளை எதிரெதிராக, அரைச்சுற்று அரைச்சுற்றாகத் தளர்த்துங்கள். வெயிட்டுகள் அழுத்தும் ரோலரை நகத்தால் சுற்றிவந்தால் தட்டையான இடம் உடனே தெரியும். ஒன்று தேய்ந்திருந்தாலும் முழு செட்டையும் மாற்றுங்கள். வெயிட்டின் பின் துளை நீள்வட்டமாகியிருக்கிறதா, வெயிட் பக்கவாட்டில் ஆடுகிறதா பாருங்கள். நகரும் தட்டைத் தண்டில் கோத்து இரண்டு கையாலும் சாய்த்து ஆட்டுங்கள். ‘லொடக் லொடக்’ என்றால் தட்டுக்குள் தண்டைத் தாங்கும் வளையமான புஷ் போய்விட்டது. புஷ் போன தட்டு பெல்ட்டைக் கோணலாகக் கடிக்கும். ஐடிலில் கேட்கும் கலகலச் சத்தத்துக்குப் பெரும்பாலும் நடுப்பகுதியின் ஓரங்களில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் பட்டன்கள் காரணம். விலை அற்பம், ஆனால் அவை தேய்ந்தால் தட்டு முறுக்கிக்கொண்டு நகரும்.

செகண்டரி ஸ்பிரிங் அழுந்துவதோடு முறுக்கியும் இருக்கும். எந்தத் துளையில் மாட்டியிருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஹீலிக்ஸ் சாய்வில் பள்ளம் விழுந்திருந்தால், மேட்டில் ஏறும்போது தேவையான நேரத்தில் இறுக்கம் திரும்பாது, வண்டி மூச்சுவாங்கும்.

தட்டுகளை ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சாலும் பச்சை ஸ்கிரப்பராலும் லேசாகத் தேய்த்தால் போதும். கிரீஸ், ஸ்பிரே எதையும் தட்டுப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். புஷ்ஷில் போடலாமா என்று கேட்பார்கள். கையேடு சொன்னால் மட்டும், சொன்ன இடத்தில் மட்டும். கூம்பு முனை இரண்டு பக்கமும் சுத்தமாக, உலர்ந்து இருக்கவேண்டும். போல்ட்டைக் கைக்கணக்கில் இறுக்காமல், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் குறிப்பிட்ட அளவுக்கு இறுக்குங்கள்.

ஆயில் சீலை மாற்றியதும் தம்பி கிளம்பத் தயாரானான். ஓரத்து நூலுக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லையே என்றேன். ஒரு கட்டையை எஞ்சினுக்கு அடியில் கொடுத்து மெல்ல நெம்பினோம். ஒரு பக்கம் எஞ்சின் விரற்கடை அளவு எழும்பியது. எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் ரப்பர் கிழிந்திருந்தது. வண்டி நிற்கும்போது இரும்புப் பட்டையை வைத்துப் பார்த்தால் இரண்டு புல்லியும் நேராகவே தெரியும். சுமையில் எஞ்சின் திரும்பும்போதுதான் கோடு தப்பும். முதல் பெல்ட்டைக் கொன்றது அதுதான்.

காற்று வழியையும் விடாதீர்கள். ரப்பருக்கு முதல் எதிரி சூடு. கிளட்ச் பெட்டிக்குக் காற்று வரும் குழாயிலும், போகும் குழாயிலும், வடிகட்டியிலும் காய்ந்த புல், சேறு, எலிக்கூடு எதுவும் இருக்கக்கூடாது. ஓடையைக் கடந்தபின் எஞ்சின் உறுமியும் வண்டி நகரவில்லை என்றால் தண்ணீர் உள்ளே போய்விட்டது. வடிகால் மூடியைத் திறந்து வடித்துவிட்டு, நியூட்ரலில் கொஞ்சம் கொஞ்சமாக ரேஸ் செய்து உலர்த்துங்கள்.

எல்லா வண்டிக்கும் இது ஒரே மாதிரி இல்லை. ஹோண்டா பயனியர் 1000-ல் பெல்ட்டே கிடையாது, இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ். யமஹாவின் பெல்ட் வண்டிகளில் பெல்ட் எப்போதும் இறுக்கமாகவே நிற்கும். பிடிப்பதும் விடுவதும் எண்ணெயில் மூழ்கிய, சுற்றும் வேகத்தால் பிடிக்கும் தனி சென்ட்ரிஃபியூகல் கிளட்ச். அங்கே கிளம்பும்போது நடுக்கம் வந்தால் அந்தக் கிளட்ச்சில் பிடிக்கும் ஷூவையும் எண்ணெயையும் பாருங்கள். வழவழப்பைக் கூட்டும் சேர்மானம் கலந்த கார் எண்ணெயை ஊற்றினால் அது வழுக்கும். எண்ணெயில் மூழ்கிய கிளட்ச்சுக்கு ஏற்றது என்பதைக் காட்டும் ஜாசோ எம்ஏ குறி டப்பாவில் இருக்கவேண்டும்.

ஓட்டும் பழக்கத்தில் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான்: லோ கியரைப் பயன்படுத்துங்கள். பாரம் ஏற்றி, டிரெய்லர் இழுத்து, பாறையில் ஊர்ந்து போகும்போது ஹையில் போட்டால் வண்டி நகரத்தான் செய்யும். ஆனால் பிரைமரி மெதுவாகச் சுற்றுவதால் வெயிட்டுகளுக்கு நெருக்கும் பலம் வராது. பாதி பிடித்தும் பாதி வழுக்கியுமே பெல்ட் வெந்துபோகும். லோவில் அதே வேகத்துக்குக் கிளட்ச் இரட்டிப்பாகக்கூடச் சுற்றலாம், பிடி முழுசாக இருக்கும். சேற்றில் சிக்கினால் மிதிக்காதீர்கள், வடத்தைச் சுருட்டி வண்டியை இழுக்கும் வின்ச்சைப் பிடியுங்கள். மேட்டில் பிரேக்குக்குப் பதில் ஆக்சிலரேட்டரால் வண்டியை நிறுத்திவைக்காதீர்கள். பெரிய டயர் மாட்டினால் அதற்கேற்ற வெயிட்டும் ஸ்பிரிங்கும் சேர்த்து மாற்றவேண்டும். டயரை மட்டும் மாற்றினால் அதற்கான விலையைப் பெல்ட் கொடுக்கும்.

புதுப் பெல்ட்டை சோப்புத் தண்ணீரில் கழுவி உலர்த்தி, அம்புக்குறி சுற்றும் திசையைப் பார்க்க மாட்டுங்கள். முதல் 50 கிலோமீட்டர் பாரம் இழுக்காமல், முழு ஆக்சிலரேட்டர் கொடுக்காமல், வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். நடுவில் இரண்டு மூன்று தடவை முழுக்க ஆறவிடுங்கள். பிறகு ஒருமுறை கவரைத் திறந்து, பெல்ட்டின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மங்கலாக இருக்கிறதா, பிரைமரியின் முதுகு உலர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தம்பி வண்டியில் அந்த ஐம்பதாவது கிலோமீட்டரில் அவனே திறந்து, பிரைமரிக்குப் பின்னால் வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்து எனக்குப் போட்டோ அனுப்பியிருந்தான். துணியில் கொஞ்சம் உலர்ந்த தூள் மட்டும்தான் இருந்தது.