அந்தச் சிவப்பு பூ அல்ல: தென்னமெரிக்கக் காட்டுத்தரைச் செடிகளை விவரிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈக்வடாரின் யாசுனி காட்டிலோ பெருவின் அமேசான் சரிவிலோ எடுத்த படம் ஒன்று. இருண்ட பச்சைக்கு நடுவே ஒரு சரம் தலைகீழாகத் தொங்குகிறது. கிளிமூக்கு போல வளைந்த சிவப்பு மடல்கள், ஓரத்தில் மஞ்சள். படத்துக்குக் கீழே, "ஹெலிகோனியா ரோஸ்ட்ராட்டா. பெரிய சிவப்புப் பூ, தடித்த இதழ்கள்" என்று எழுதியிருப்பார்கள். ஒரே வரியில் இரண்டு பிழை. அது பூவும் அல்ல, இதழும் அல்ல.

இந்தச் செடி இப்போது நம் ஊர் நர்சரிகளிலும் கிடைக்கிறது. கிடைத்தால் ஒரு மடலை விரலால் மெல்ல விலக்கிப் பாருங்கள். உள்ளே வெளிர்மஞ்சள் குழல்கள் ஒன்றை ஒன்று ஒட்டி அடுக்கியிருக்கும். அவைதான் பூக்கள். சிவப்பு மடல் பூவடிச் செதில், சரம் முழுவதும் சேர்ந்து மஞ்சரி. ஒரு பூவை மட்டும் கிள்ளி எடுத்தால் ஆறு பூவிதழ்கள் தெரியும். ஐந்து ஒட்டிக் குழலாகியிருக்கும், ஒன்று மட்டும் விலகி நிற்கும். உள்ளே ஐந்து மகரந்தத்தாள்களில் மகரந்தம் உண்டு. ஆறாவது மலடாகிச் சிறு செதில் போல ஒட்டிக் கிடக்கும். இனத்தைப் பிரித்தறிய அந்த மலட்டுத் தாளின் வடிவமும் பயன்படுகிறது. செதிலை இதழ் என்று எழுதிவிட்டவர் இந்த அளவுக்கு உள்ளே போகவே மாட்டார். அவருக்குப் பூ வெளியிலேயே முடிந்துவிட்டது.

இதைச் சொல்லின் பிழை என்று விட்டுவிட முடியாது. செதில்கள் வாரக்கணக்கில் நிறம் மாறாமல் இருக்கும், பூவோ ஒரே நாளில் வாடிவிடும். "பூ பல வாரம் நீடிக்கும்" என்று எழுதினால் செடியின் பிழைப்பையே தலைகீழாக எழுதியதாகும். தினம் ஒரு சில பூ மட்டும் திறப்பதால்தான் ஓசனிச்சிட்டு (ஹம்மிங்பேர்ட்) தினமும் அதே வழியில் வந்து போகிறது. ஓசனிச்சிட்டு என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தமிழில் எழுதுபவர்கள் இந்த இடத்தில் பழக்கத்தில் 'தேன்சிட்டு' என்று போட்டுவிடுகிறார்கள். தேன்சிட்டு அமெரிக்கக் கண்டங்களில் கிடையாது, அது வேறு குடும்பம். ஹெலிகோனியாவைக் 'கல்வாழை' என்பதும் இதே வகைப் பிழைதான். கல்வாழை கேன்னா. அதில் பகட்டாகத் தெரிவது மலட்டு மகரந்தத்தாள்கள், ஹெலிகோனியாவில் பூவடிச் செதில்கள். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் உறுப்பு வேறு.

ஹெலிகோனியாவில் முதலில் குறிக்க வேண்டியது மஞ்சரி நிமிர்ந்து நிற்கிறதா, தொங்குகிறதா என்பது. நிமிர்ந்த வகைகளில் செதில் ஒரு கிண்ணம் மாதிரி மழைநீரைப் பிடித்து வைக்கும். பூவும் இளங்காயும் அந்த நீருக்குள்ளிருந்தே எழும், நீருக்குள் கொசுப்புழு வரை ஒரு தனிக் குடித்தனம் நடக்கும். அழுத்தி உலர்த்திய மாதிரியில் இந்த வேறுபாடு தெரியாமல் போகலாம். படத்தைச் சட்டத்துக்கு ஏற்றபடி திருப்பி வைத்தாலும் தகவல் போயிற்று.

செதிலை இதழாக்கும் தவறு ஆந்தூரியத்திலும் நடக்கிறது. கொலம்பியா, ஈக்வடார் பகுதியிலிருந்து உலகெங்கும் போன ஆந்தூரியம் ஆண்ட்ரியானத்தின் பளபளக்கும் சிவப்பு 'இதழ்' உண்மையில் மடல். நடுவில் நிற்கும் கதிரின் மேல் புள்ளி புள்ளியாக இருப்பவையே பூக்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் நான்கு பூவிதழ், நான்கு மகரந்தத்தாள், நடுவே சூலகம். டீஃபன்பாக்கியாவும் இதே குடும்பம்தான், ஆனால் அதன் கதிரில் கீழே பெண் பூக்கள், மேலே ஆண் பூக்கள், பூவிதழே கிடையாது. "மடலும் கதிரும் உண்டு" என்று இரண்டுக்கும் ஒரே வரியை எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது.

அடுத்து தண்டு. ஹெலிகோனியாவின் 'தண்டை' குறுக்கே வெட்டினால் வெங்காயம் போல அடுக்கடுக்காக வரும். அது இலையுறைகள் சுற்றிய பொய்த்தண்டு. பக்கத்திலேயே வளரும் காஸ்டஸை வெட்டினால் நடுவில் உறுதியான உண்மைத் தண்டு இருக்கும், உறை அதைச் சுற்றி மூடிய குழாயாக நிற்கும். இரண்டையும் 'சதைப்பற்றுள்ள தண்டு' என்று எழுதி நகர்ந்துவிடுவது மிக எளிது, மிகத் தவறு.

காஸ்டஸைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இதை 'சுருள் இஞ்சி' என்று ஆங்கிலத்திலிருந்து கொண்டுவந்து, இஞ்சிக் குடும்பத்தின் பண்புகளையும் சேர்த்துத் தூக்கிவந்து விடுகிறார்கள். இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள், இஞ்சி மணம் வராது. இலைகள் இரண்டு வரிசையாக நிற்காது. ஒன்றுக்கு மேல் ஒன்றாகச் சிறு கோணத்தில் விலகி, சுழல் படிக்கட்டு ஏறுவது போலத் தண்டைச் சுற்றி ஏறும். இதழ் போல விரியும் உதடு, ஐந்து மலட்டு மகரந்தத்தாள்கள் ஒட்டி உருவானது. அதே காட்டுத்தரையில் உண்மையான இஞ்சிக் குடும்பச் செடியும் உண்டு, ரெனியால்மியா. அமெரிக்கக் கண்டங்களுக்குச் சொந்தமான இஞ்சிக் குடும்பப் பேரினம் அது ஒன்றுதான். அதன் இலை இரு வரிசை, கசக்கினால் மணக்கும். மூக்கையும் ஒரு கருவியாகக் கொண்டுபோனால் இந்தக் குழப்பம் வராது.

இலையமைவில் இன்னொரு பொறி இருக்கிறது, இது கொஞ்சம் தந்திரமானது. கெஸ்னேரியேசி குடும்பத்தின் மோனோபைல் போன்ற செடிகளில் ஒரு கணுவில் ஒரே ஓர் இலை இருப்பதாகத் தோன்றும். "மாற்றிலை அமைவு" என்று கை தானாக எழுதும். கணுவின் எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். நகக்கண் அளவுக்கு இன்னோர் இலை ஒட்டியிருக்கும், அல்லது அது விழுந்த தழும்பு இருக்கும். எதிரிலைதான். ஒன்று பெரிதாக, மற்றது மிகச் சிறிதாகச் சுருங்கிவிட்டது. எனவே குறைந்தது நான்கைந்து கணுக்களைப் பார்க்காமல் இலையமைவை எழுதக் கூடாது.

மராண்டேசி குடும்பத்தின் பூவை முதல்முறை பார்ப்பவர் அநேகமாகப் பார்ப்பதற்கு முன்பே அதைக் கெடுத்துவிடுவார். கலாத்தியா என்று விற்கும் அழகுச் செடிகளின் உறவினர்கள் இவை. பூ மொட்டாக இருக்கும்போதே மகரந்தம் சூலகத்தண்டின் முதுகுக்கு மாறிவிடும். அந்தத் தண்டை ஒரு தொப்பி போன்ற மலட்டுத் தாள், இழுத்துப் பிடித்த வில்லாக அடக்கி வைத்திருக்கும். தேனீ நாக்கை நுழைத்து விசையைத் தொட்டதும் தண்டு சுருண்டு அடிக்கும். தேனீயின் மேல் இருக்கும் பழைய மகரந்தம் பூவுக்கும், பூவின் மகரந்தம் தேனீக்கும் போகும். ஒரே ஒரு முறை, பிறகு திரும்பாது. இடுக்கியால் தொட்டாலும் இதேதான் நடக்கும். சுருண்ட தண்டைப் பார்த்து "சூலகத்தண்டு சுருள் வடிவம்" என்று எழுதினால், விசை விழுந்த பூவை விவரித்ததாகும். திறக்காத பூ, திறந்து விசை விழாத பூ, விழுந்த பூ என மூன்றையும் தனித்தனியே எழுதுங்கள். பூக்கள் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இணை இணையாக வரும், தனிப் பூவுக்குச் சமச்சீர் கிடையாது. மகரந்தத்தாளும் பாதிதான் வளமானது, ஒரே ஓர் அறைதான் மகரந்தம் தரும். இலையில், தாளுக்கும் காம்புக்கும் இடையே விரல் மூட்டு போலப் பருத்த அதைப்பைத் தேடுங்கள். அது இருந்தால் பூவே இல்லாமலும் குடும்பத்தை ஊகிக்கலாம்.

பெகோனியாவில் நடப்பது வேறு. ஆண் பூவும் பெண் பூவும் ஒரே செடியில் தனித்தனி. பல இனங்களில் ஆண் பூ முந்தித் திறந்து உதிர்ந்துவிடும். ஒரு நாள் மட்டும் போனவர் பாதிச் செடியைத்தான் எழுதுவார். பெண் பூவுக்குக் கீழே இறக்கையோடு இருக்கும் சூற்பையை அவர் பார்த்தே இருக்க மாட்டார்.

மேற்கூரையைத் தாண்டி இந்தத் தரைக்கு வரும் வெளிச்சம் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். அந்த மங்கலில் நிறம் ஏமாற்றும். ஃபிளாஷ் போட்டால் அதைவிட ஏமாற்றும். இலையின் அடிப்பக்கம் ஊதாவா பச்சையா என்பதைத் திருப்பிப் பார்த்து அங்கேயே எழுத வேண்டும். இளஞ்செடியின் கோலத்தை இனத்தின் கோலமாக எழுதுவதும் கூடாது. கலாத்தியா என்று விற்கும் கோப்பெர்ட்டியா ஆர்னாட்டாவின் இளஞ்சிவப்புக் கோடுகள் செடி முதிர முதிர மங்கிவிடும்.

ஈரக் காட்டில் மாதிரிகள் பூஞ்சை பிடிக்காமலிருக்கச் செய்தித்தாளில் மடித்துச் சாராயம் ஊற்றிப் பையில் கட்டி எடுத்துவருவது வழக்கம். நல்ல வழிதான், ஆனால் நிறமெல்லாம் பழுப்பாகிவிடும். ஹெர்பேரியம் தாளை, அதாவது உலர்த்தி ஒட்டிய மாதிரியைப் பார்த்து நிறம் எழுதுபவர் அந்தப் பழுப்பைத்தான் எழுதுகிறார். நிறம், மணம், செதிலில் நீர், மஞ்சரியின் திசை ஆகிய நான்கும் செடி உயிரோடு நிற்கையிலேயே குறிப்பேட்டில் ஏறிவிட வேண்டும். மராண்டேசி பூக்களைச் சிறு புட்டியில் சாராயத்தில் தனியே போடுங்கள். உலர்த்தினால் பிரித்துப் பார்க்க எதுவும் மிஞ்சாது.

வளரும் இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலைக்காட்டில் கிளை முறிந்து விழும்போது அதில் தொற்றியிருந்த செடிகளும் தரைக்கு வந்து கொஞ்ச காலம் பூத்துக்கொண்டிருக்கும். அவற்றைத் 'தரைவாழ் செடி' என்று எழுதுமுன் வேர் மண்ணில் இருக்கிறதா, அழுகும் கட்டையில் இருக்கிறதா என்று கிளறிப் பாருங்கள். இலைச் சருகிலிருந்து பச்சையே இல்லாமல் எழும் வோய்ரியாவைக் காளான் என்று தாண்டிப் போகாதீர்கள். 1775-இலேயே பிரெஞ்சு கயானாவிலிருந்து தாவரவியலாளர் ஆப்லே விவரித்த பூச்செடி அது, பூஞ்சையிடம் உணவு வாங்கிப் பிழைக்கிறது. சிவந்த குமிழ் போல எழும் ஹெலோசிஸும் பூச்செடிதான், அது மற்றச் செடிகளின் வேரில் ஒட்டுண்ணி.

கடைசியாகப் பெயர். 2012-இல் கலாத்தியாவின் இனங்களில் பெரும்பகுதி கோப்பெர்ட்டியாவுக்கு மாற்றப்பட்டது. பழைய பெயரில் தேடுபவர்களுக்காக இரண்டையும் எழுதலாம், பழையதை மட்டும் எழுதக் கூடாது. இதைவிடப் பெரிய குழப்பம் நம் வீட்டு வாசலிலேயே நிற்கிறது. 'இன்சுலின் செடி' என்று நாம் வளர்ப்பதற்குக் காஸ்டஸ் இக்னியஸ், காஸ்டஸ் பிக்டஸ் என்ற இரண்டு பெயர்களும் மாறி மாறி ஒட்டப்படுகின்றன. முதலாவது இப்போது கேமகாஸ்டஸ் கஸ்பிடேட்டஸ். கிழக்கு பிரேசிலைச் சேர்ந்தது, பூ ஆரஞ்சு. இரண்டாவது மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் சார்ந்தது, மஞ்சள் பூவில் சிவப்புக் கோடுகள். பூ வரும்வரை காத்திருந்து பார்த்தாலே எது எது என்று சொல்லிவிடலாம். உங்கள் தொட்டியில் இருப்பது பூத்தால், அந்தக் காலையிலேயே எழுதிவிடுங்கள். மறுநாள் அது வாடியிருக்கும்.