பனிக்காலத்தில் வந்திறங்கும் கருவுற்ற பெண்களுக்கு: ரொறன்ரோவில் நடையும் உடற்பயிற்சியும்

ஊரில் கோயிலுக்கும் சந்தைக்கும் நடந்த நடையை எவரும் உடற்பயிற்சி என்று அழைத்ததில்லை. ஆனாலும் கருவுற்ற பெண்ணின் உடலுக்கு அது பெரிதும் உதவியது. நவம்பர் மாதத்தில் ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் உள்ள அடுக்குமாடி வீடொன்றுக்கு வந்து சேர்பவருக்கு அந்த நடை ஒரே நாளில் நின்றுபோகிறது. "வயிற்றுப் பிள்ளைக்காரி, அலையாமல் இரு" என்று ஊரிலிருந்து அன்போடு சொல்லப்படும் அறிவுரையும் சேர்ந்துகொள்ள, பலர் பனிக்காலம் முழுவதையும் இருந்த இடத்திலேயே கழித்துவிடுகின்றனர்.

மருத்துவத் தடை இல்லாத கருவுற்ற பெண்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சியை மூன்று நாட்களுக்காவது பிரித்துச் செய்ய வேண்டும் என்று 2019ஆம் ஆண்டின் கனடிய வழிகாட்டல் கூறுகிறது. கர்ப்பகால நீரிழிவு தெற்காசியப் பெண்களிடையே கூடுதலாகக் காணப்படுவதால், அந்த ஆபத்தைக் குறைக்கும் இப்பழக்கம் நமக்கு மேலும் அவசியமாகிறது. நடந்துகொண்டே இயல்பாகப் பேச முடிந்தால் வேகம் சரியானது. பேச்சுத் தடைப்பட்டால் வேகத்தைக் குறையுங்கள். பழக்கமில்லாதவர்கள் பத்து நிமிட நடையுடன் தொடங்கலாம்.

எங்கே நடப்பது என்பதே இங்குள்ள பெரிய சிக்கல். உருகி மீண்டும் உறைந்த பனி நடைபாதையில் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும். வயிறு பெருக்கும்போது உடலின் சமநிலையும் மாறுவதால், சறுக்கி விழும் ஆபத்து அதிகம். ஆகவே ஸ்காபரோ டவுன் சென்ரர் போன்ற அங்காடி மண்டபங்களுக்குள் நடப்பதையே நான் பரிந்துரைக்கிறேன். எதையும் வாங்காமல் நடக்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. முதியவர்கள் பலர் பனிக்காலத்தில் இப்படித்தான் நடக்கின்றனர். மாநகரசபையின் நீச்சல் தடாகங்களும் நல்லவை, ஆனால் உடலின் வெப்பநிலையை மிகையாக உயர்த்தும் வெந்நீர்த் தொட்டியையும் நீராவி அறையையும் தவிர்க்க வேண்டும். பனிச்சறுக்கு, குழந்தை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ள வேண்டியது. மல்லாந்து படுத்துச் செய்யும் பயிற்சியில் தலை சுற்றினால் பக்கவாட்டில் திரும்பிப் படுங்கள்.

இரத்தக்கசிவு, பனிக்குட நீர் வடிதல், ஒழுங்கான இடைவெளியில் வரும் வலி, நெஞ்சுவலி, ஓய்வெடுத்தும் தணியாத மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் பயிற்சியை நிறுத்தி உடனே மருத்துவ உதவியை நாட வேண்டும். வயிறு அடிபட விழுந்தால், வலி இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

உயர் இரத்த அழுத்தம், கீழிறங்கிய (கருப்பை வாயை மறைக்கும்) நச்சுக்கொடி, குறைமாதப் பிரசவ அறிகுறி போன்றவை இருப்பின் முதலில் மருத்துவரையோ மருத்துவிச்சியையோ கேளுங்கள். ரொறன்ரோ அமைந்துள்ள ஒன்ராறியோ மாகாணத்தில் வசிப்பவர், ஓஹிப் (மாகாண அரசின் மருத்துவக் காப்புறுதி) அட்டை இன்னும் கிடைக்காதவராயினும், மருத்துவிச்சியின் பராமரிப்புக்குப் பணம் செலுத்த வேண்டியதில்லை என்பதால், அட்டைக்காகக் காத்திராமல் வந்த வாரத்திலேயே பதிவுசெய்துகொள்ளலாம்.