பச்சிளங்குழந்தையின் வாய்: வார்டுக்குப் புதிதாக வருபவர்கள் செய்யும் தவறுகள்

பிரசவ வார்டுக்கு ஒவ்வொரு வருடமும் புது நர்ஸ்கள் வருகிறார்கள். அந்தக் காலத்தில் நாங்கள் செய்த அதே கோளாறுகளை இவர்களும் அச்சுப் பிசகாமல் செய்கிறார்கள். கை கழுவுவது, நகம் வெட்டுவது பற்றியெல்லாம் நான் எழுதவில்லை. அதெல்லாம் பயிற்சியிலேயே சொல்லியிருப்பார்கள்.

குழந்தைக்கு மட்டும் மருந்து போடுவது

"வாயெல்லாம் வெள்ளையா இருக்கு சிஸ்டர்" என்பார்கள். பால் என்றால் பெரும்பாலும் நாக்கின் மேல்தான் படிந்திருக்கும், ஈரத்துணி பட்டாலே வந்துவிடும். காண்டிடா பூஞ்சை, அதாவது ஊரில் அக்கரம் என்பது, கன்னத்தின் உட்புறம், உதடு, ஈறு என்று தயிர்த் திப்பி போல ஒட்டியிருக்கும். அழுத்தித் துடைத்தால் அடியில் சிவந்து ரத்தம் கசியும், அதனால் சுரண்டவே கூடாது. இதுவரை எல்லோரும் சரியாகச் செய்துவிடுகிறார்கள்.

அப்புறம்தான் எனக்கு எரிச்சல். டாக்டர் எழுதிய மருந்தை அம்மாவிடம் கொடுத்து, "வாயில தடவும்மா" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். ஒரு பெண் இப்படித் திரும்பத் திரும்ப வந்தாள். வரும்போதெல்லாம் குழந்தையின் வாயைத்தான் பார்த்தார்களே தவிர, உனக்கு மார்பு எரிகிறதா என்று அவளை யாரும் கேட்கவில்லை. வலி தாங்காமல் பால் கொடுப்பதைக் குறைத்திருந்தாள். "உன் பால் சேரலை" என்று மாமியார் புட்டியும் மாவுப் பாலும் வாங்கிவிட்டார். அந்த ரப்பர் காம்பைக் குழாய்த் தண்ணீரில் அலசியதோடு சரி. மருந்தால் போன பூஞ்சை காம்பு வழியாகத் திரும்பி வந்தது. தாய்ப்பாலும் வற்றியது. மாவுப் பால் டப்பாவுக்கு அந்தக் குடும்பம் கொட்டிய பணத்தை நினைத்தால் இன்றும் ஆத்திரமாக வருகிறது.

அதனால் தாயின் காம்பையும் பாருங்கள். முதலில் குழந்தை சரியாகக் கவ்வுகிறதா என்று கவனியுங்கள், ஏனென்றால் தவறாகக் கவ்வினாலும் இதே வலிதான் வரும். கவ்வல் சரியாக இருந்தும் காம்பு சிவந்து, பால் கொடுத்து முடித்த பிறகும் எரிந்தால் டாக்டரிடம் சொல்லி இருவருக்கும் ஒரே நாளில் வைத்தியம் தொடங்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை. வாய்க்குள் போகும் ரப்பர் எதுவானாலும் தினமும் கொதிக்க வைக்கச் சொல்லுங்கள். குழந்தையின் தொடை இடுக்கையும் பாருங்கள், அங்கேயும் அதே பூஞ்சை இருக்கலாம். ஜெல் எழுதியிருந்தால் கட்டியாக வைத்துவிடாதீர்கள், தொண்டையை அடைத்துக்கொள்ளும். வெள்ளை மறைந்த அன்றே மருந்தை நிறுத்தவும் கூடாது.

கேஸ் ஷீட்டைப் படித்தாலே யாருக்கு வரக்கூடும் என்று பாதி தெரிந்துவிடும்: பிரசவத்தின்போது தாய்க்குப் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று, சர்க்கரை நோய், தாய்க்கோ குழந்தைக்கோ ஆன்டிபயாடிக், குறைமாதம், எடைக் குறைவு.

தேன், போராக்ஸ் கிளிசரின்

அக்கரத்துக்குத் தடவ இரண்டும் கூடாது. தேனில் பாட்டுலிசம் (தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நச்சு நோய்) உண்டாக்கும் கிருமியின் வித்துகள் இருக்கலாம். ஒரு வயது முடியும் வரை, சேனை வைப்பதற்குக்கூட வேண்டாம். போராக்ஸ் உள்ளே போனால் வலிப்பு வரக்கூடும்.

முத்துகளைக் கிள்ளுவது

மேலண்ணத்தின் நடுக்கோட்டில் வெள்ளை மணிகள் தெரிந்தால் அவை எப்ஸ்டீன் முத்துகள். சில வாரங்களில் தானே போய்விடும். கை வைக்காதீர்கள்.

பிறவிப் பல்லைப் பிடுங்க அவசரப்படுவது

"மாமனுக்கு ஆகாது, பிடுங்கிடுங்க" என்று பாட்டி நிற்பார். அது பெரும்பாலும் கூடுதல் பல் அல்ல, முன்கூட்டியே முளைத்த கீழ் முன்பால்பல். பிடுங்கினால் ஆறேழு வயதில் நிலைப்பல் வரும் வரை அந்த இடம் காலிதான். மிகவும் ஆடி, கழன்று மூச்சுக்குழாயில் விழும் பயம் இருந்தால் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன், ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே ஊசி போட்டாயிற்றா என்று பாருங்கள். நாக்கின் அடியில் பல் குத்திப் புண் வந்தால், பல வேளைகளில் பல் டாக்டர் கூர்முனையை மழுக்கினாலே போதும்.

அண்ணத்தை விரலால் மட்டும் தடவிப் பார்ப்பது

உதடு முழுசாக இருக்கும், பின்னால் மெல்லண்ணம் பிளந்திருக்கும். விரலுக்கு அது தப்பிவிடும். நாக்கை அழுத்தி, டார்ச் அடித்து, உள்நாக்கு வரை பாருங்கள். குடும்பத்தில் யாருக்காவது பிளவு இருந்தாலோ, கர்ப்பத்தில் தாய் வால்ப்ரோயேட் போன்ற வலிப்பு மாத்திரை சாப்பிட்டிருந்தாலோ, புகைத்திருந்தாலோ இன்னும் கவனம் தேவை. மூக்கு வழியாகப் பால் வந்த பிறகு கண்டுபிடிப்பது தாமதம்.

நாக்கு ஒட்டு

நாக்கின் அடிச் சவ்வு குட்டையாக இருந்து நாக்கை இழுத்துப் பிடித்திருப்பதுதான் இது. பால் நன்றாகக் குடித்து எடை ஏறுகிறதா? அப்படியானால் வெட்டச் சொல்லாதீர்கள்.