ஹோம் தியேட்டரில் ஒலி அறுபட்டால் காரணத்தைக் கண்டுபிடிக்கும் முறை

படம் தடையின்றி ஓடிக்கொண்டிருக்கும்போது ஒலி மட்டும் ஓரிரு வினாடிகள் நின்று மீண்டும் வருவது, கருவி அடியோடு ஊமையாகிப்போவதைவிடத் தொல்லை மிகுந்த கோளாறு. ஏனெனில் பழுதுபார்ப்பவர் முன்னால் அது பெரும்பாலும் தலைகாட்டாது. சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் உள்ளவர்கள் ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் கனமான ரிசீவரைக் காரில் ஏற்றி ஈப்போவரை கொண்டுபோய், குறை எதுவும் இல்லை என்ற பதிலுடன் திரும்புவது இதனால்தான். அந்த அலைச்சலுக்கும் புதிய கேபிளுக்கு வெள்ளியைச் செலவழிப்பதற்கும் முன்பாக, ஒலி அறுபடும் ஒவ்வொரு முறையும் நடந்ததைச் சில இரவுகள் ஒரு தாளில் குறித்துவையுங்கள். ஒலியோடு படமும் நின்றதா, எல்லா ஸ்பீக்கர்களும் அடங்கினவா அல்லது ஒன்று மட்டுமா, எந்தக் கருவியிலிருந்து பார்த்தாலும் இப்படி ஆகிறதா என்ற மூன்று கேள்விகளுக்கு விடை கிடைத்தாலே தேடவேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

ஒலியும் படமும் சேர்ந்து நின்று, அது அஸ்ட்ரோ செயற்கைக்கோள் தொலைக்காட்சியில் மட்டும், அதுவும் மாலை மழையின்போது நிகழ்ந்தால், ஹோம் தியேட்டரின் மேல் குற்றமில்லை. செயற்கைக்கோளிலிருந்து கேயூ அலைவரிசையில் வரும் சமிக்ஞையைக் கனமழை உறிஞ்சிக்கொள்கிறது. ஆனால் தூறலுக்கே நின்றால், கூரைமேல் உள்ள செயற்கைக்கோள் தட்டின் திசை விலகியிருக்கலாம், பக்கத்து மரத்தின் கிளை வளர்ந்து மறைத்திருக்கலாம், அல்லது கேபிள் இணைப்புக்குள் நீர் புகுந்திருக்கலாம்.

ஒரே ஒரு ஸ்பீக்கர் விட்டு விட்டு ஒலித்தால் கம்பியைத்தான் முதலில் பார்க்கவேண்டும். ரிசீவரை நிறுத்தி, பிளக்கையும் உருவிவிட்டு, பின்பக்கத்தில் கம்பி நுழையும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். நம் ஈரக்காற்றில் பழைய செப்பு இழைகள் கறுத்து, சில இடங்களில் பச்சை பூத்து, தொடுப்பு பலவீனப்பட்டிருக்கும். அந்த நுனியை வெட்டி, புதிதாக ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உறையைச் சீவி, இழைகளை இறுக முறுக்கித் திருகுங்கள். முறுக்காமல் விட்ட ஒற்றை இழை சிவப்பு முனையிலிருந்து கறுப்பு முனையைத் தொட்டாலே போதும், பாதுகாப்புச் சுற்று வேலை செய்து எல்லா ஸ்பீக்கர்களையும் நிறுத்திவிடும். மயிரிழையளவு இருக்கும் அந்தச் செம்பைக் கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும். கம்பி ஒழுங்காக இருந்தும் குறை தொடர்ந்தால், இடது வலது ஸ்பீக்கர் கம்பிகளை ரிசீவரில் இடம் மாற்றிப் பொருத்துங்கள். குறையும் இடம் மாறினால் கோளாறு ரிசீவரில் இருக்கிறது. அதே ஸ்பீக்கரிலேயே தங்கினால் கம்பியிலோ ஸ்பீக்கரிலோ இருக்கிறது.

ஒரு மணி நேரம் ஓடிய பிறகோ, ஒலியளவைக் கூட்டும்போதோ எல்லாம் அடங்கினால் அது சூடு. கண்ணாடிக் கதவுள்ள அலமாரியில் ரிசீவரை வைத்து, அதன் தலைமேல் அஸ்ட்ரோ பெட்டியையும் அடுக்கும் வழக்கத்தை நான் எந்த வீட்டிலும் ஆதரிக்கமாட்டேன். மேலே குறைந்தது ஒரு சாண் இடைவெளி விடுங்கள். 6 அல்லது 8 ஓம் ஸ்பீக்கர்களுக்கென்று குறிக்கப்பட்ட ரிசீவரில் 4 ஓம் ஸ்பீக்கர்களை இணைத்தாலும் மின்னோட்டம் மிகுந்து சூடேறும்.

படம் நிற்காமல், எல்லா ஸ்பீக்கர்களிலும் ஒலி மட்டும் அறுபட்டு, அது தொலைக்காட்சிக்குள்ளேயே இருக்கும் யூடியூப் போன்ற செயலிகளில்தான் நிகழ்கிறது என்றால், தொலைக்காட்சியிலிருந்து எச்டிஎம்ஐ கேபிள் வழியே ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் ஏஆர்சி இணைப்பைச் சந்தேகிக்கலாம். இன்றைய வீடுகளில் இதற்குத்தான் அதிகக் கவனம் தேவை. தொலைக்காட்சியின் ஒலி வெளியீட்டை பிட்ஸ்ட்ரீம் (குறியேற்றிய ஒலி) என்பதிலிருந்து பிசிஎம் (சுருக்கப்படாத ஒலி) என்று மாற்றி ஓர் இரவு முழுவதும் பாருங்கள். ஏஆர்சி வழியே பிசிஎம் இரண்டு தடங்களாக மட்டுமே வருமாதலால் இது நிரந்தரத் தீர்வன்று, சோதனை மட்டுமே. இந்தச் சோதனையில் ஒலி அறுபடாவிட்டால், டால்பி போன்ற ஒலி வடிவத்தை அனுப்புவதிலோ பிரித்தறிவதிலோ இரு கருவிகளும் தடுமாறுகின்றன என்று கொள்ளலாம். இரண்டின் மென்பொருளையும் புதுப்பிக்கவேண்டும். அப்போதும் அறுபட்டால் கேபிளை மாற்றிப் பார்க்கலாம். 2017இல் வெளிவந்த எச்டிஎம்ஐ 2.1 தரத்துடன் அறிமுகமான, ஏஆர்சியின் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி, வினாடிக்கு ஏறத்தாழ 37 மெகாபிட் வரை ஒலியைக் கடத்தும்; அதற்கு ஈதர்நெட் வசதியுடைய நல்ல கேபிள் வேண்டும். எல்லாக் கருவிகளையும் ஒரே ரிமோட்டால் இயக்க உதவும் சிஇசி வசதியும் சில வேளைகளில் இடையூறு செய்யும். அதைத் தொலைக்காட்சியில் நிறுத்தினால் பல மாடல்களில் ஏஆர்சியும் நின்றுபோகும் என்பதால், மற்றப் பெட்டிகளில் மட்டும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். பாடலைத் தாண்டும்போது முதல் அசை மட்டும் விழுங்கப்படுவது வேறு விஷயம்: புதிய வடிவத்தைப் பிடித்துக்கொள்ள ரிசீவர் எடுக்கும் கணநேரம் அது. அதற்காகக் கேபிள் வாங்கவேண்டாம்.

சப்வூஃபரோ பின் ஸ்பீக்கர்களோ கம்பியில்லாதவையாக இருந்து, அவை மட்டும் அறுபட்டால், வானலை நெரிசலே முதற்சந்தேகம். வரிசை வீடுகளில் ஒவ்வொரு வீட்டு வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸில் முட்டிக்கொள்கிறது. மைக்ரோவேவ் அடுப்பும் அதே எல்லையில்தான் வேலை செய்கிறது. சமையலறையில் அடுப்பை ஓடவிட்டு ஒலியைக் கவனித்தால் விடை அப்போதே தெரிந்துவிடும். ரவுட்டரை ஸ்பீக்கரைவிட்டு ஒரு மீட்டராவது தள்ளிவைத்து, கைப்பேசிகளை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றி, ரவுட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸ் தடத்தை (சேனலை) 1, 6, 11 ஆகியவற்றில் நெரிசல் குறைந்த ஒன்றில் நிறுத்துங்கள்.

குளிர்பெட்டி ஓடத்தொடங்கும் கணத்தில் ஒலி நின்றால், ரிசீவரை வேறொரு சுவர்ப் பிளக்கில் செருகிப் பாருங்கள். இடி மின்னலுக்குப் பிறகு தொடங்கிய குறையாக இருந்தால் எச்டிஎம்ஐ துளை பாதிக்கப்பட்டிருக்கலாம். இனி இடி கேட்டவுடன் பிளக்கோடு தட்டின் கேபிளையும் கழற்றுங்கள். வெதுவெதுப்பை நாடி எறும்புகள் காற்றுத்துளை வழியே குடியேறுவதும் உண்டு, ஆனால் பூச்சிமருந்தை உள்ளே தெளிக்கக்கூடாது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதையும் அதே தாளில் குறித்து, பிறகும் குறை நீடித்தால் அந்தத் தாளோடு கடைக்குப் போங்கள். மூடியை நீங்களே கழற்றவேண்டாம். உத்தரவாதம் போவது மட்டுமன்றி, பிளக்கை உருவிய பின்னும் உள்ளிருக்கும் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும்.